மலையிறங்கி வந்த கணக்கர்: இரட்டைமலை சீனிவாசன்

ஏற்காட்டுக்கு வருவோர் ஓய்வைத் தேடி வருகிறார்கள். சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் பழம் பறிப்போருக்கோ அதே மலை ஓயாத உழைப்பு. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காபியை அறிமுகப்படுத்தினார். அன்றுமுதல் மலையின் குளிர்ச்சி ஒருவருக்கும் அதன் சுமை வேறொருவருக்கும் உரியனவாகவே இருந்துவருகின்றன.

தோட்டக் குடியிருப்பிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர், மாதச் சம்பளமும் மேசை வேலையும் கிடைத்தால் போதுமென நினைப்பதில் குற்றமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்களிடம் உழைப்பின் மேன்மையைப் போதிப்பது ஏமாற்று. ஆயினும் அந்த மேசையை அடைந்தபின் என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. மற்றொரு தோட்ட மலையான நீலகிரியில் அந்த மேசையை அடைந்த ஒருவரின் வாழ்வு இக்கேள்விக்கு விடை தருகிறது.

இரட்டைமலை சீனிவாசன் 1859இல் செங்கல்பட்டுப் பகுதியின் கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். கோயம்புத்தூரில் படித்தபோது, தம் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தால் சக மாணவர்களுடன் பழகாமல் ஒதுங்கியே இருந்தார். அந்த அச்சத்தைக் கடந்து படித்து, நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். அக்காலத்தில் சேரிப் பிள்ளை ஒருவருக்கு அது எட்டாத உயரம். அங்கேயே அவர் நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

அவர் மலையிறங்கினார். 1890இல் சென்னைக்கு வந்து, 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்ற பெயரில் இதழ் தொடங்கினார். நான்கு பக்கம், விலை இரண்டணா. பள்ளியில் எந்த அடையாளம் வெளிப்படும் என்று அஞ்சினாரோ, அதையே இதழின் தலைப்பில் அச்சிட்டார். இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல்லை உரிமைக் குரலாக மாற்றிய அரசியல் அது. 1896இல் இதழில் வெளியான கடிதம் ஒன்றுக்காக அவர்மீது வழக்கு தொடரப்பட்டு, நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதன்பின்னும் 1900 வரை இதழ் வெளிவந்தது.

அந்த ஆண்டு இங்கிலாந்தை நோக்கிப் புறப்பட்ட அவரது பயணம் தென்னாப்பிரிக்காவில் நின்றது. டர்பன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். மறுபடியும் ஒரு நிலையான வேலை. அறுபது வயதைக் கடந்தபின் அதையும் விட்டுத் தாயகம் திரும்பினார். ஓய்வுக்குரிய அந்த வயதில்தான் அவரது சட்டமன்றப் பணி தொடங்கியது.

1923இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எல்லோரும் பயன்படுத்தலாம் என்ற அவரது தீர்மானம் 1924இல் நிறைவேறி, அரசாணையாகவும் வெளிவந்தது. பொதுத் தெருவில் நடக்கவும் ஆணை வேண்டியிருந்தது என்பதே அன்றைய சமூகத்தின் மீதான குற்றப்பத்திரிகை. அரசாணை மட்டும் ஊர்த் தெருக்களைத் திறந்துவிடவில்லை. ஆனால் உரிமை கேட்டு நின்றவரின் கையில் அது ஆவணமாயிற்று. வழக்காடும் எங்களுக்கு அந்த வேறுபாட்டின் மதிப்பு தெரியும்.

1930, 1931 ஆண்டுகளின் வட்டமேசை மாநாடுகளில் அம்பேத்கருடன் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்து தனித்தொகுதி கோரினார். 1932 ஆகஸ்டில் கிடைத்த தனித்தொகுதி உரிமை செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தால் கைநழுவியது. அந்த ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். போராடியவரின் வாழ்வில் வெற்றிகள் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு அந்தக் கையொப்பமே சான்று. அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. 1945 செப்டம்பர் 18இல் மறையும்வரை பொதுவாழ்விலிருந்து அவர் விலகவில்லை.

பிறர் நம்மீது ஏற்றிய சுமையும் நாமே தேர்ந்துகொண்ட பணியும் ஒன்றல்ல. முதலாவது மனிதரைத் தேய்க்கிறது; இரண்டாவது மனிதரை நிறைவாக்குகிறது. முதலாவதிலிருந்து படிப்பால் விடுபட்ட சீனிவாசன், இரண்டாவதைத் தாமே தேடிச் சென்றார்.

நம் மாணவர்கள் வேலையை அடையட்டும். அது அவர்களின் உரிமை. அடைந்தபின், சேர்வராயன் மலையின் சரிவில் இன்னும் கூடை சுமப்பவரை மறவாமல் ஒருமுறையேனும் இறங்கி வரட்டும். பெற்ற கல்வி நிறைவுபெறும் இடம் அதுதான்.