சம்பூர் மனுவும் அதிராம்பட்டினத்து உமர்தம்பியும்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய சீடி இருக்கிறது. 2008இல், கிளிவெட்டி முகாமில் நாங்கள் இருந்த காலத்தில், அம்மப்பா சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதி, மூதூரில் ஒரு கொம்யூனிகேஷனில் கொடுத்து டைப் செய்வித்த மனு அதில் இருக்கிறது. சம்பூரில் விட்டுவந்த வளவு, அதன் நான்கு எல்லைகள், கிணறு, தென்னைகள், மாடுகள், தையல் மெசின் என்று ஒன்று விடாமல் அவர் சொன்னார். பக்கத்து வளவுக்காரர் யார், வேலி எந்த மரத்தில் தொடங்குகிறது என்பதுகூட அதில் உண்டு.

2006 ஏப்ரலில் குண்டு விழத் தொடங்கி, செப்டெம்பரில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. அடுத்த வருடம் அது உயர் பாதுகாப்பு வலயமானது. நாங்கள் திரும்பி வந்தது 2016இல். அம்மப்பா திரும்பவில்லை. அவர் முகாமிலேயே கண்ணை மூடிவிட்டார்.

வந்து பார்த்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. எல்லையைக் காட்டவும் இழப்பைச் சொல்லவும் அந்த மனு தேவைப்பட்டது. கடதாசிப் பிரதி முகாமில் மழையில் ஊறிப்போயிருந்தது. சீடி இருக்கிறதே என்ற தைரியத்தில் தெரிந்தவர் ஒருவரின் லப்டொப்பில் போட்டுத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. பக்கத்தில் நின்ற அம்மா, அப்பா சொன்னதெல்லாம் அழிந்துபோயிற்றா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகுதான் விசயம் விளங்கியது. மனு பாமினி எழுத்துருவில் டைப் செய்யப்பட்டிருந்தது. பாமினியில் நாம் தமிழ் அடிப்பதாக நினைக்கிறோம். கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தைத்தான். எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டையைப் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். யுனிகோட் அப்படியல்ல. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான சொந்த எண்கள் உண்டு. 'அ' என்றால் 2949. எந்த ஊர்க் கணினியும் அந்த எண்ணை 'அ' என்றே வாசிக்கும்.

ஜெர்மனியில் வாழும் எம்மவரான சுரதா யாழ்வாணன் செய்த பொங்குதமிழ் மாற்றியில் போட்டோம். சில நொடிகளில் அம்மப்பாவின் வளவு தமிழில் வந்து நின்றது. அம்மா முதல் வரியை வாசித்துவிட்டு அழுதார். காசு கேட்காமல் இதையெல்லாம் யார் செய்து வைக்கிறார்கள் என்று அன்றுதான் தேடத் தொடங்கினேன். அப்படித் தேடிப் போனபோது கிடைத்த பெயர்களில் ஒன்று உமர்தம்பி.

உமர்தம்பி 1953 ஜூன் 15ஆம் திகதி தஞ்சாவூர் மாவட்டத்து அதிராம்பட்டினத்தில் பிறந்தார். உப்பளங்கள் உள்ள கடலோர ஊர். எங்கள் மூதூரைப் போலவே தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறைந்து வாழும் இடம். அவர் கல்லூரியில் படித்தது விலங்கியல். கைக்குப் பிடித்ததோ எலக்ட்ரோனிக்ஸ். ஊரில் ரேடியோ திருத்தினார். 1983இல் பிழைப்புத் தேடி துபாய்க்குப் போய், ரிவி, ரேடியோ திருத்தும் வேலையில் சேர்ந்தார். அங்கிருந்து கணினிப் பக்கம் வந்தார். எங்கள் பகுதியிலிருந்து வளைகுடாவுக்குப் போன எத்தனையோ பேரைப் போன்ற வாழ்க்கைதான். அவர் மிச்ச நேரத்தில் செய்த வேலைதான் வேறு.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் இணையத்தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. செய்தி வாசிக்க வேண்டுமானால் முதலில் அதை இறக்கிக் கணினியில் பதிய வேண்டும். சொந்தக் கணினி இல்லாமல் நெற்கபேயில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து இருப்பவருக்கு அது நடக்காத காரியம். யுனிகோட் வந்தும் சிக்கல் தீரவில்லை. விண்டோஸ் 2000இல்தான் லதா என்ற தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. அதற்கு முந்திய விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்குத் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது.

உமர்தம்பி செய்த 'தேனீ' ஒரு இயங்கு எழுத்துரு. வாசகர் எதையும் இறக்கிப் பதிய வேண்டியதில்லை. இணையப் பக்கத்தைத் திறந்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் எழுத்துருவும் சேர்ந்து வந்துவிடும். பழைய கணினி வைத்திருந்தவரும் வாசிக்கலாம். 'வைகை' என்ற இன்னொரு எழுத்துருவும் செய்தார். ஆங்கில விசைகளில் ஒலிப்படி அடித்தால் யுனிகோட் தமிழ் வரும் எழுதி ஒன்றையும் செய்தார். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார். ரேடியோ திருத்துபவர் வானொலி கேட்பவரை நினைப்பது போல, இவர் நல்ல கணினி வாங்க வசதியில்லாத வாசகரை நினைத்து வேலை செய்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

துபாயிலிருந்து ஊர் திரும்பிய பின்னும் அந்த வேலையை விடவில்லை. 2006 ஜூலை 12ஆம் திகதி, 53 வயதில் காலமானார். அந்தத் திகதியை முதன்முதல் வாசித்தபோது சற்று நேரம் பேசாமல் இருந்தேன். அந்த ஜூலையில் எங்கள் ஊர் சிதறிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் மூதூர் முஸ்லிம் மக்கள் கையில் பிள்ளைகளோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். அப்போது எங்களில் எவருக்கும் அவருடைய பெயர் தெரியாது. 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில், தமிழ் இணைய மாநாட்டு அரங்கொன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் குறைந்த விலைப் போனில்கூடத் தமிழில் செய்தி அனுப்புகிறார்கள். போன் வாங்கும்போது கமெரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம். தமிழ் வருமா என்று கேட்பதில்லை. கேட்கத் தேவையில்லாமல் போனதற்குப் பின்னால் இப்படிச் சிலருடைய இரவுகள் இருக்கின்றன.

எனக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். காணாமற்போனவர்களின் விபரம், காணி மனு, பொலிஸ் முறைப்பாடு, நிவாரணப் பட்டியல் என்று எத்தனையோ எங்கள் வீடுகளில் பாமினியில் கிடக்கின்றன. புதிய லப்டொப்களில் சீடி போடும் இடமே இல்லை. சீடியும் பழுதாகும். அதனால் பழைய சீடி வாசிக்கும் கணினி ஒன்று அகப்படும்போதே கோப்புகளைப் பென் டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். பிறகு இலவச மாற்றியில் போட்டு யுனிகோட் ஆக்குங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டு, முக்கியமாகப் பெயர்களையும் எண்களையும் சரிபாருங்கள், ஏனெனில் மாற்றியில் எண்களும் குறிகளும் சில வேளை பிசகும். ஒரு பிரதியை வெளியூரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பி வையுங்கள். இனி கடையில் டைப் செய்யக் கொடுத்தால், யுனிகோடில் அடித்துத் தாருங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

எங்கள் இழப்பீட்டுக் கோப்பு இன்னும் முடியவில்லை. வேலியை மட்டும் அம்மப்பா சொன்ன எல்லையிலேயே போட்டிருக்கிறோம்.