வண்ணமும் சாந்தும் வீணையும்: ஓவியர் வெங்கடப்பா

தாயகத்திலிருந்து உற்றார் உறவினர் வந்துவிட்டால், அவர்களை அழைத்துக்கொண்டு நாம் புறப்படும் வழி ஒன்றேதான். சாமுண்டி மலை, அம்பா விலாச அரண்மனை, ஜகன்மோகன அரண்மனை; தசராக் காலமாயின் விளக்கொளியும் சேரும். அரண்மனையை எழுப்பியவர் யார், ஆண்டவர் யார் என்றெல்லாம் வந்தவர்க்கு விளக்கத் தெரிந்த நமக்கு, அவ்வரண்மனைக்காகத் தம் வாழ்நாளின் நற்பகுதியைச் செலவிட்ட ஓர் ஓவியரின் பெயர் நாவில் எளிதில் வருவதில்லை. இம்மலரில் அவரை நம் அன்பர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம்.

கே. வெங்கடப்பா 1886ஆம் ஆண்டு மைசூரில் பிறந்தார். சித்திரம் தீட்டுவதையே குலத்தொழிலாகக் கொண்டு அரண்மனையை அண்டி வாழ்ந்த குடும்பம் அவருடையது. அத்தொழிலின் தன்மையைச் சிறிது சொல்லியாக வேண்டும். தஞ்சை ஓவியத்தை நாம் அறிவோம். சுக்கான் பொடியும் பிசினும் கலந்து மேடுகட்டி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி மின்னச் செய்வது. மைசூர் ஓவியமும் அதன் உடன்பிறப்பே. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விஜயநகரத்துக் கலைஞர் தென்திசை நோக்கிச் சிதறியபோது இரண்டும் வெவ்வேறு மண்ணில் வேரூன்றின. ஆனால் மைசூரார் மேடு கட்டுவது மிக மெல்லியது. பிசினுடன் வெள்ளைப் பொடியும் மஞ்சட் குங்கிலியமும் குழைத்து, தூரிகையால் நூலிழை போல இட்டு, அதன்மேல் ரேக்கைப் பதிப்பர். தடவிப் பார்த்தால்தான் மேடு தெரியும். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் இக்கலை பெரிதும் தழைத்தது. ஆகவே, ஓவியத்துக்கும் புடைப்புச் சிற்பத்துக்கும் இடையே சுவரில்லாத ஒரு பட்டறையின் மரபில் வந்தவர் வெங்கடப்பா. பின்னாளில் அவர் செய்தவற்றை எண்ணும்போது இது நமக்கு நினைவில் இருத்தல் நலம்.

அவரைவிட இரண்டே ஆண்டு மூத்தவரான நால்வடி கிருஷ்ணராஜ உடையார், இளைஞரின் திறம் கண்டு 1909இல் கல்கத்தா அரசினர் கலைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார். அங்கே அபனீந்திரநாத் தாகூர் ஆசிரியர். நந்தலால் போஸ் உடன் பயின்றவர். ஜப்பானிய ஓவியர் சிலர் கல்கத்தா வந்து தங்கியபோது அவர்கள் முறையைக் கண்டு அபனீந்திரர் தமதாக்கிக்கொண்ட நீர்க்கழுவல் முறையை வெங்கடப்பா அங்கே கற்றார். தாளில் வண்ணம் தீட்டி உலரவிட்டு, பின் அத்தாளை நீரில் நனைத்து எடுப்பர். ஒட்டாத வண்ணம் கழுவிப் போகும். ஒட்டியது தாளுக்குள் ஊறி நிற்கும். மீண்டும் தீட்டல், மீண்டும் நனைத்தல். இப்படிப் பன்முறை செய்த பின்னரே மூடுபனி போன்ற அந்த மென்மை கைகூடும். அவசரக்காரர் கைக்கு அகப்படாத முறை இது.

ஈழத் தமிழ்க் குடியில் தோன்றிய முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. நிவேதிதை அம்மையார் 1911இல் மறைந்தபோது குறையாக நின்ற இந்து, பௌத்தப் புராணக் கதை நூலை அவரே முடித்து 1913இல் வெளியிட்டார். அந்நூலில் இராமாயணக் காட்சிகள் பலவற்றைத் தீட்டியவர் நம் வெங்கடப்பா. தமிழர் ஒருவர் எழுதிய நூலுக்கு மைசூர்க் கன்னடர் ஒருவர் கல்கத்தாவில் இருந்து தீட்டினார் என்பதில் நமக்கொரு தனி மகிழ்ச்சி உண்டு.

மைசூருக்குத் திரும்பியவர் எவரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். ஊர் போற்றும் வைணிகர் வீணை சேஷண்ணாவிடம் மாணவராய் அமர்ந்து வீணை பயிலத் தொடங்கினார். முப்பது வயது கடந்தவர், கல்கத்தாவில் பெயர் பெற்ற ஓவியர், தூரிகையை ஒருபுறம் வைத்துவிட்டுத் தந்தியை மீட்டுகிறார் என்றால் ஊர் என்ன சொல்லாது! மணம் செய்துகொள்ளாமல் துறவியைப் போல் வாழ்ந்தவர் அவர். நாட்குறிப்பு எழுதும் வழக்கமும் அவருக்கு இருந்தது. வாழ்நாள் முழுதும் தம்மைத்தாமே கணக்குக் கேட்டுக்கொண்ட மனிதர் அவர். பொழுதை வண்ணத்துக்கு எவ்வளவு, நாதத்துக்கு எவ்வளவு எனப் பங்கிடுவதே அவருடைய அன்றாடப் போராட்டம் ஆயிற்று. அப்போராட்டத்தையே வீணைப் பித்து என்னும் பொருள்படும் ஓவியமாகவும் தீட்டினார். வீணைக்காக வீணாக்கிய காலம் எனப் பேசுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. காரணத்தை அடுத்து வரும் செய்தியே காட்டும்.

1926ஆம் ஆண்டு, சேஷண்ணா மறைந்த ஆண்டும் அதுவே. அவ்வாண்டில் வெங்கடப்பா உதகமண்டலம் சென்று தங்கி, நீலமலைக் காட்சிகளைத் தீட்டினார். பண்டிப்பூர் வழியாக மலையேறி ஊர் திரும்பும் நம்மில் பலர் அம்மலையைப் பேருந்துச் சாளரத்தின் வழியே கண்டதோடு சரி. அவர் தீட்டியது மலையை அன்று, அம்மலைமேல் நாளின் பொழுதை. விடியல், மழைமுகில் கலையும் வேளை, ஏரிமேல் படியும் ஒளி, நிலவு என ஒவ்வொன்றும் ஒரு குறித்த நேரத்துக்கு உரியது. ஒரே மலையை வேறு வேறு பொழுதில் நோக்குதல், ஓர் இராகத்தை அதற்குரிய வேளையில் ஆளத்தி செய்வதற்கு எவ்வளவு அணுக்கமானது! மனித உருவம் அருகிய இந்த நிலக்காட்சிகள், புராணக் கதைகளில் பழகிய கல்கத்தாப் பள்ளியார்க்குப் புதியவை. வீணை அவர் கையைத் தடுத்ததா, கண்ணைத் திறந்ததா என்பதை இப்படங்களைக் கண்டவர் தாமே முடிவு செய்து கொள்ளலாம்.

கழுவல் ஓவியத்தோடு அவர் நின்றாரல்லர். யானைத் தந்தத்தில் நுண்ணுருவங்கள் தீட்டினார். பின்னர் பாரிஸ் சாந்தில் புடைப்புச் சிற்பப் பலகைகள் செய்தார். இச்சாந்தோ நீர் பட்ட சிறு பொழுதில் இறுகிவிடுவது. நனைத்து நனைத்துக் காத்திருந்த கைக்கு நேர் எதிரான பொருள். ஆழம் மிகக் குறைந்த பலகையில் வண்ணமே இல்லாமல், பக்கவாட்டில் விழும் ஒளியொன்றை நம்பி உருவத்தை எழுப்ப வேண்டும். சிவபிரான் தாண்டவமும் சகுந்தலையின் கதையும் இவ்வாறு உருப்பெற்றன. முன்னோர் பொன் ரேக்குக்கு அடியில் இட்ட அந்த மெல்லிய மேடுதான் இங்கே பொன்னைக் களைந்துவிட்டு வெண்மையாய் நிற்கிறதென்று நமக்குத் தோன்றுகிறது.

1940இல் நால்வடியார் காலமானார். அத்துடன் அரண்மனை ஆதரவும் முடிவுற்றது. தாம் செய்த பலகைகளுக்குரிய ஊதியம் பற்றிப் பிணக்கு எழுந்து வழக்குமன்றம் வரை சென்றது. அரசர் அளிப்பதை இரு கையேந்திப் பெறுவதே சித்திரக்காரர் மரபாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர், தம் உழைப்புக்கு விலை இதுவென்று அரண்மனையையே எதிர்த்து நின்றார். பாட்டனார் காலத்தில் எவரும் கனவிலும் எண்ணியிராத செயல். இதனைச் செருக்கு என்பாரும் உண்டு. நமக்கோ, தாமும் ஓர் உரிமையுடைய மனிதர் என்று அவர் காட்டிய துணிவாகவே படுகிறது.

பிறகு பெங்களூரில் குடியேறி, மிகத் தனிமையாக வாழ்ந்து, 1965ஆம் ஆண்டு மறைந்தார். 1970களில் பெங்களூர்க் கஸ்தூர்பா சாலையில் அரசினர் எழுப்பிய ஓவியக்கூடத்துக்கு அவர் பெயரே இடப்பட்டது. உதகைப் படங்களும் சாந்துப் பலகைகளும் அக்கூடத்தின் உடைமையாயின.