சக்கரத்தின் உச்சியினின்று வீழ்ந்தவர்

பண்டை உரோமர் ஆகூழையும் போகூழையும் போர்த்தூனா என்னும் ஒரு பெண் தெய்வத்தின் செயலெனக் கொண்டு, அவளுக்குக் கோயிலெடுத்து வழிபட்டனர். அவள் சுழற்றும் சக்கரத்தில் ஏறினவர் இறங்குதலும், இறங்கினவர் ஏறுதலும் இயல்பே என்பது அவர்தம் கருத்து. இடைக்கால ஐரோப்பா அக்கருத்தைப் பெரிதும் கற்றது போயீத்தியரிடமிருந்தேயாம். அவர் தாமே அச்சக்கரத்தின் உச்சியினின்று வீழ்ந்தவர்.

போயீத்தியர் ஏறக்குறைய கி.பி. 480-இல் உரோமாபுரியின் உயர்குடி ஒன்றிற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்த அவரைச் சிம்மாக்கஸ் என்னும் பெருமகனார் வளர்த்துத் தம் மகளையும் மணஞ்செய்து கொடுத்தார். மேற்றிசையில் கிரேக்கக் கல்வி அருகி வருதலைக் கண்ட போயீத்தியர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில் என்போர் நூல்களையெல்லாம் இலத்தீனில் பெயர்க்க உறுதி பூண்டார். அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களைப் பெயர்ப்பதற்கே காலம் இடந்தந்தது. 510-இல் கான்சல் பதவி பெற்றார். 522-இல் அவர்தம் புதல்வர் இருவரும் ஒருங்கே அப்பதவியை எய்தினர். இத்தாலியை ஆண்ட கோத்திய வேந்தன் தியோடோரிக்கு அவரை அரண்மனை அலுவல்களுக்குத் தலைவராக்கினான்.

அவ்வுச்சியில் அவர் நெடுநாள் நிற்கவில்லை. அல்பீனஸ் என்னும் செனட்டர் கீழைப் பேரரசனோடு கூடித் துரோகம் எண்ணினாரெனக் குற்றஞ் சாட்டப்பட்டபோது, போயீத்தியர் அஞ்சாது அவர் சார்பிற் பேசினார். பேசியதே குற்றமாயிற்று. செனட் சபையின் மானத்தைக் காக்க முயன்றவரை அச்சபையே கைவிட்டது. அவர் பாவியா நகரிற் சிறைப்பட்டார்.

ஆங்கே மரணத்தை எதிர்நோக்கி அவர் யாத்ததே தத்துவத்தின் ஆறுதல் என்னும் நூல். உரையும் பாட்டும் விரவிய அந்நூலில், தத்துவம் ஒரு மாதரசியாய்த் தோன்றி அவர் புலம்பலை ஆற்றுகின்றாள். சுழலும் சக்கரத்தில் விரும்பி ஏறினவன் இறங்குங்கால் வழக்காடுதல் முறையோ? பதவியும் பொருளும் இரவலே. உடையவள் மீட்டுக்கொள்ளின் நாம் நமது எதனை இழந்தோம்? நல்லூழ் மயக்கும், தீயூழோ மெய்ந்நண்பரைப் பிரித்துக் காட்டும். கடவுள் எல்லாம் முன்னறிவராயின் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது என்னும் அரிய வினாவும் எழுகின்றது. காலங்கடந்த கடவுளுக்கு முக்காலமும் நிகழ்காலமே. ஒருவன் நடத்தலைக் காண்பது அவனை நடத்துவிப்பது ஆகாதவாறு போல, அவர் அறிவும் நம் செயலைத் தளைப்படுத்தாது என்பது விடை.

ஏறக்குறைய 524-இல் அவர் கொல்லப்பட்டார். சிம்மாக்கஸும் பின்னர் அம்முடிவே எய்தினார். 526-இல் தியோடோரிக்கும் மாண்டான். நூலோ நிலைத்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் அதனைத் தம் மொழியிற் பெயர்த்தார். 1593-இல் எலிசபெத்து அரசியும் பெயர்த்தாள்.

போயீத்தியரின் பதவியையும் உயிரையும் சக்கரம் கவர்ந்தது உண்மையே. ஆயின் அல்பீனஸுக்காக எழுந்து பேசியது எந்த ஊழின் செயல்? வாளாவிருந்து உய்யும் வழி அன்று அவர்க்குத் திறந்தேயிருந்தது. நூலின் இறுதி வினாவிற்கு அவர் வாழ்க்கையே முன்னர் விடை கூறிவிட்டது.