சித்திராசாரியர் அவனீந்திரநாத தாகூர்

ஆடிக் கிருத்திகை நாளில் திருத்தணிகை மலையடிவாரத்தில் நிற்போர், புஷ்பக் காவடிகள் வரிசை வரிசையாக 365 படிகளின் மேல் ஏறிச் செல்லும் காட்சியைக் கண்டு மகிழ்வர். அவ்வழியிலுள்ள கடைகளில் வேலும் மயிலும் வள்ளியும் விளங்கும் வண்ணப் படங்கள் தொங்கும். தமிழ் பேசும் தாயும் தெலுங்கு பேசும் தாயும் அருகருகே நின்று பேரம் பேசிக்கொண்டிருக்க, அவர்தம் குழந்தைகள் பேரத்தைக் கவனியாது படத்தின் நிறத்தையே நோக்கி நிற்பர். நிறத்தின்மேல் மக்களுக்குள்ள இவ்விருப்பம் பிறவியிலேயே உடன் வந்தது போலும்.

நம் மாணவ மாணவியருள் சிலர், பாடம் படித்த வேளை போக மீந்த வேளையில், அகன்ற கண்ணும் உருண்டை முகமும் உடைய ஜப்பானியச் சிறு உருவங்களை வரைந்து வண்ணந் தீட்டுவதை இக்காலத்தில் காண்கிறோம். பெரியோர் சிலர் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவர். பயனற்ற பொழுதுபோக்கென்று கடிவாரும் உளர். ஆயினும், ஜப்பானியர் முறையில் வண்ணந் தீட்டப் பழகி, முதுமையில் பொம்மை செய்து, குழந்தைகளுக்குக் கதை எழுதி, அதனாலேயே பாரத நாட்டின் சித்திரக் கலைக்குப் புத்துயிர் அளித்த பேராசிரியர் ஒருவர் வாழ்ந்தார். அவரே அவனீந்திரநாத தாகூர். அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அவனீந்திரர் 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள் கல்கத்தா நகரத்து ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்தார். தந்தையார் குணேந்திரநாதர், தாயார் சௌதாமினி தேவியார். கவியரசர் ரவீந்திரநாதர் இவருக்குச் சிறிய தந்தை முறையினர். தமையனார் ககனேந்திரநாதர் கேலிச் சித்திரங்களால் புகழ் பெற்றார். தங்கையார் சுனயனி தேவியாரோ எவரிடமும் முறையாகப் பயிலாது, இல்லறக் கடமைகளுக்கிடையே தாமே வரைந்து பழகி, ஓவியர் வரிசையில் இடம் பெற்றார். கலை என்பது அக்குடும்பத்தில் தொழிலாக அன்று, மூச்சுப்போல் இயல்பாக இருந்தது.

பத்து வயதளவிலேயே தந்தையை இழந்த அவனீந்திரர், சம்ஸ்கிருதக் கல்லூரியில் சிலகாலம் பயின்றார். 1889-ஆம் ஆண்டில் சுகாசினி தேவியாரை மணந்தார். பின்னர், கில்லார்டி என்னும் இத்தாலியரிடம் வண்ணக்கோல் வேலையும் நீர்வண்ண வேலையும், பாமர் என்னும் ஆங்கிலேயரிடம் எண்ணெய்வண்ண வேலையும் கற்றார். ஐரோப்பிய முறையில் கை தேர்ந்தும் அவர் மனம் நிறைவு பெறவில்லை. அந்நாளில் பழைய இந்தியச் சிறு சித்திரங்களின் தொகுதி ஒன்று அவர் கைக்கு எட்டியது. அவற்றின் நுண்ணிய கோடுகளிலும் பொன்னொளியிலும் உள்ளந் தோய்ந்து, 1895-ஆம் ஆண்டை ஒட்டிக் கண்ணபிரான் லீலைகளைத் தொடர்ச் சித்திரங்களாக வரைந்தார்.

இந்நிலையில் அவருக்கு வாய்த்த துணைவர் ஹாவெல் துரையாவர். இவரைத் தமிழ் நாட்டார் மறத்தலாகாது. 1884-ஆம் ஆண்டு முதல் பல்லாண்டு சென்னைச் சித்திரக் கலாசாலையின் தலைவராயிருந்து, நம் நாட்டுக் கைத்தொழிலாளரின் திறத்தைக் கண்ணாரக் கண்டவர் அவர். 1896-ஆம் ஆண்டில் கல்கத்தாக் கலாசாலைக்கு மாறிச் சென்றார். ஆங்கிருந்த ஐரோப்பியச் சித்திரப் பிரதிகளை அகற்றி, முகலாயர் காலத்துச் சித்திரங்களை மாணவர் முன் வைத்தார். மாணவருட் பலர் இதனை எதிர்த்தனர். மேனாட்டுக் கல்வியைத் தங்களுக்கு மறுப்பதற்கே இது செய்யப்பட்டதென்று ஐயுற்றனர். அவர்தம் ஐயம் அக்காலத்திற்கு இயல்பானதே. எனினும், ஹாவெல் துரை காட்டிய சித்திரங்களில் அவனீந்திரர் தமது வழியைக் கண்டுகொண்டார்.

அக்காலத்தே அவருக்குப் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. கல்கத்தா நகரைப் பற்றிய பிளேக் நோய் அவருடைய அருமைச் சிறு மகளைக் கொண்டுபோயிற்று. இத்துயரின் பின் அவர் வரைந்தது ஷாஜஹான் சக்கரவர்த்தியின் இறுதிக் காலம் பற்றிய சித்திரம். ஆக்ரா கோட்டையிற் சிறைப்பட்ட முதியவர் படுத்தவாறே தொலைவிலுள்ள தாஜ்மஹாலை நோக்குகிறார். காலடியில் மகள் ஜஹானாரா அமர்ந்திருக்கிறாள். மகளை இழந்த தந்தை, மகள் அருகிருக்க உயிர் விடும் தந்தையைத் தீட்டினார். நெஞ்சிலிருந்த துயரெல்லாம் அப்படத்தில் இறங்கியதென்று கண்டோர் உணர்ந்தனர். டில்லி தர்பாரை ஒட்டி நடந்த கண்காட்சியில் அதற்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. ஆயினும் பதக்கம் அத்துயரத்திற்கு மாற்றாகுமோ? அழ வேண்டிய கண்ணுக்குச் சித்திரம் ஒரு துணையாயிற்று என்ற அளவே நாம் கூறலாம்.

இனி ஜப்பானியத் தொடர்பைக் கூறுவாம். 1902-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஒகாகுரா கல்கத்தாவிற்கு வந்து தாகூர் குடும்பத்தாரோடு நட்புக் கொண்டார். மறு ஆண்டில் யோகோயாமா தைக்கான், ஹிஷிடா ஷுன்சோ என்னும் இரு இளம் ஓவியர் வந்தனர். ஜப்பானியர்க்குச் சித்திரம் என்பது மன்னர் மாளிகைக்கு மட்டும் உரியதன்று. தவளையும் முயலும் மனிதரைப்போல் விளையாடும் காட்சிகளை அவர்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளிலேயே சுருளோவியமாக வரைந்தனர். அது கியோத்தோ நகரத்துக் கோஸான்ஜி மடத்திற்கு உரியது. ஹொகுசாய் என்னும் பேரோவியர் 1814-ஆம் ஆண்டு முதல் மக்கள், விலங்கு, பூச்சி, பூதம் ஆகிய யாவற்றையும் வேடிக்கைச் சித்திரங்களாக்கிப் புத்தகங்களாக வெளியிட்டார். இன்று நம் மாணவர் விரும்பும் சிறு உருவங்கள் இத்தகைய நெடிய மரபுடைய நாட்டிலிருந்து வந்தவையே.

தைக்கான் தூரிகையை நீரில் தோய்த்து, வண்ணத்தின்மேல் மெல்லத் தடவி, நிறத்தைக் கரைப்பதை அவனீந்திரர் அருகிருந்து கண்டார். கண்டதை அவ்வாறே பின்பற்றாது, தாம் ஒரு படி மேற்சென்று, வரைந்த தாள் முழுவதையுமே நீரில் முழுக்கினார். முதலில் கோட்டுருவம் வரைந்து, மெல்லிய வண்ணம் பூசி, உலர்த்தி, நீரில் அமிழ்த்துவார். தாளின் மேற்பரப்பில் நின்ற நிறம் கழுவப்பட்டு ஓட, உள்ளே ஊறிய நிறம் மட்டும் நிலைக்கும். மீண்டும் பூசுவார், மீண்டும் நீராட்டுவார். இவ்வாறு பல முறை செய்தபின் சித்திரத்தின்மேல் விடியற்காலப் பனி படர்ந்தாற்போன்ற மென்மை தோன்றும். இம்முறை அவசரக்காரர்க்கு ஏற்றதன்று. பூசிய நிறத்தில் ஒரு பகுதியை இழக்கத் துணிந்தவனே எஞ்சிய நிறத்தின் அழகைப் பெறுவான். உருவம் புகையிற் புதைந்துவிடுகிறதென்று குறை கூறியோரும் அக்காலத்தில் இருந்தனர். குறைக்கு இடமில்லாமலுமில்லை, ஆசிரியர் கையில் மென்மையாய் நின்றது, பின்பற்றினோர் சிலர் கையில் மங்கலாய் முடிந்தது.

1905-ஆம் ஆண்டில் வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் எழுந்தபோது அவர் தீட்டிய பாரதமாதாவின் சித்திரம் இம்முறையின் சிறந்த விளைவாகும். காவியாடை உடுத்த அவ்வன்னைக்குக் கைகள் நான்கு, படைக்கலம் ஒன்றுமில்லை. ஏடு, நெற்கதிர், வெண்டுகில், ஜபமாலை என்பவற்றையே ஏந்தி நிற்கிறாள். கல்வியும் உணவும் உடையும் பக்தியுமே நாட்டுக்கு வேண்டுவன என்று அப்படம் பேசாமற் பேசியது.

அவ்வாண்டிலேயே கல்கத்தாக் கலாசாலையின் உதவித் தலைவராகிப் பத்தாண்டு பணியாற்றினார். 1907-ஆம் ஆண்டில் கீழைநாட்டுக் கலைச் சங்கம் நிறுவப்பெற்றது. அவர்தம் மாணவர் நாற்றிசையும் பரவினர். நந்தலால் வசு சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தை வளர்த்தார். பாரத அரசியல் சாசனத்தின் மூல ஏட்டை அணிசெய்தவரும் அவரே. மைசூரில் வெங்கடப்பா புகழ் பெற்றார். தேவி பிரசாத் ராய் சௌதுரி 1929-ஆம் ஆண்டில் சென்னைக் கலாசாலையின் தலைவராக வந்தார். சென்னைக் கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலையைக் காணும் நம்மவர், அதனைச் செய்தவருக்கு ஓவியம் கற்பித்தவர் அவனீந்திரர் என்பதை நினைவிற் கொள்வாராக. ஹாவெல் துரை வழியாகச் சென்னையிலிருந்து கல்கத்தா சென்ற உதவி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் வேறு உருவில் சென்னைக்கே திரும்பிற்று.

திருத்தணிகைக்கு அணித்தான செய்தி ஒன்றும் உண்டு. அவ்வூரில் 1888-ஆம் ஆண்டில் பிறந்து, திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீஸ் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணனார், 1921-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியரானார். அவ்வாண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தில் வாகீசுவரி கலைப் பேராசிரியர் பதவியை அவனீந்திரர் ஏற்று, 1929 வரை சொற்பொழிவாற்றினார். மலையடிவாரச் சிற்றூரில் பிறந்தவரும் மாளிகையில் பிறந்தவரும் ஒரே கழகத்தில் ஆசிரியராயினர். தத்துவத்திற்கு ஒப்பச் சித்திரத்திற்கும் பல்கலைக்கழகத்தில் பீடம் கிடைத்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

இத்துணைப் பெருமை எய்தியும் அவர் குழந்தைகளை விட்டு அகன்றாரல்லர். ரவீந்திரர் ஊக்குவிக்க, சகுந்தலை கதையை 1895-இல் குழந்தைகளுக்காக எழுதினார். மறு ஆண்டில் க்ஷீரேர் புதுல் என்னும் பாற்பொம்மைக் கதை வந்தது. வங்கப் பெண்கள் நோன்பு நாளில் அரிசிமாவால் தரையில் இடும் ஆலிபனா என்னும் கோலங்களை ஆராய்ந்து 1919-இல் ஒரு நூல் செய்தார். நம் இல்லங்களில் தாய்மார் நாள்தோறும் வாசலில் இடும் கோலமும் ஆராய்ச்சிக்குரிய கலையே என்பதை அந்நூல் நமக்கும் உணர்த்துகிறது.

முதுமையில் துன்பங்கள் தொடர்ந்தன. ககனேந்திரர் 1938-இல் காலமானார். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், அவனீந்திரருக்கு எழுபது ஆண்டு நிறைந்த அதே நாளில், ரவீந்திரர் மறைந்தார். பிறந்த நாள் துக்க நாளாயிற்று. குடும்பத்தின் செல்வமும் குன்றவே, பிறந்து வளர்ந்த மாளிகையை விட்டு நகர்ப்புறத்து இல்லமொன்றில் குடியேறினார். 1942-இல் விசுவபாரதியின் ஆசாரியர் பதவி அவரை வந்தடைந்தது. ஆயினும் அக்காலத்தில் அவர் கைகள் பெரிதும் நாடியவை முறிந்த கிளையும், காய்ந்த வேரும், எறியப்பட்ட மரத்துண்டுமே. ஒரு துண்டில் பறவையைக் காண்பார். மற்றொன்றில் ஒட்டகத்தைக் காண்பார். சிறிது செதுக்கியோ, ஒன்றோடொன்று பொருத்தியோ பொம்மையாக்குவார். அவற்றிற்குக் குட்டும் காட்டாம் என்று பெயரிட்டார். குட்டும் என்பது உறவினரைக் குறிக்கும் வங்கச் சொல். மகளையும் தமையனையும் சிறிய தந்தையையும் வீட்டையும் இழந்த முதியவர், பிறர் எறிந்த மரத்துண்டுகளை உறவாக்கிக்கொண்டார்.

1951-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவ அன்பர்களே! வண்ணந் தீட்டுவோர் யாவரும் அவனீந்திரர் ஆகிவிடமாட்டார். அவ்வாறு ஆக வேண்டுமென்பதுமில்லை. பாடத்தை மறந்து தூரிகையை எடுப்பது தகாது; ஆனால் தூரிகையை எடுத்தவனைப் பாடத்தை மறந்தவனென்று கருதுவதும் தகாது. பிற நாட்டு உருவத்தைப் பார்த்து வரைவதில் இழிவில்லை. தைக்கானிடம் கண்டதை அவனீந்திரர் தமதாக்கிக்கொண்டவாறு நாமும் நமதாக்கிக்கொள்ளல் வேண்டும். ஜப்பானியச் சிற்றுருவத்தின் அகன்ற கண்ணை வரையப் பழகிய கை, ஒருநாள் தணிகைமலைப் படியில் தாயின் தோள்மீதிருந்து மயிற்படத்தை நோக்கும் குழந்தையின் கண்ணையும் வரையுமாயின், அப்பொழுதுபோக்கு வீண்போயிற்றென்று யார் கூற வல்லார்?