பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 - ஆகஸ்ட் 23, 1888) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளர், நூலாசிரியர், ஓவியர் ஆவார். கடல்நீர்த் தொட்டியில் கடற்சாமந்தி, பவளம் முதலிய உயிரினங்களை வீட்டிலேயே வளர்க்கும் முறையைப் பொதுமக்களிடையே பரப்பியவர்களுள் இவர் முதன்மையானவர். இத்தகைய தொட்டியைக் குறிக்க அக்வேரியம் என்ற சொல் நிலைபெற்றதற்கு 1854 இல் இவர் எழுதிய தி அக்வேரியம் என்ற நூலே முக்கிய காரணம். அதற்கு முன்னர் விவேரியம் என்ற சொல்லே பெரிதும் வழங்கியது.

பிறப்பும் இளமையும்

கோஸ் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்து, பூல் என்னும் துறைமுக நகரில் வளர்ந்தார். தந்தை தாமஸ் கோஸ் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். அவரிடம் கற்ற நுண்ணிய ஓவியக் கலை பின்னாளில் கோஸின் நூல்களுக்குப் பெரிதும் உதவியது.

1827 இல் நியூபவுண்ட்லாந்தின் கார்போனியருக்கு வணிக நிறுவன எழுத்தராகச் சென்றார். 1832 இல் நுண்நோக்கி பற்றிய பழைய நூல் ஒன்றை வாங்கிப் படித்ததில் பூச்சிகளைச் சேகரிக்கும் ஆர்வம் தோன்றியது. 1835 முதல் கனடாவின் காம்ப்டன் என்ற ஊரில் வேளாண்மை செய்து தோல்வியுற்றார். 1838 இல் அமெரிக்காவின் அலபாமாவில் சில மாதங்கள் ஆசிரியராகப் பணியாற்றினார். அங்கு நிலவிய அடிமை முறையை வெறுத்து, 1839 இல் தாய்நாடு திரும்பினார். முறையான பல்கலைக்கழகக் கல்வி எதுவும் இவர் பெறவில்லை.

1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். அந்நாட்டு இயற்கையியலாளர் ரிச்சர்ட் ஹில் இவருக்குத் துணைபுரிந்தார். 1848 இல் எமிலி போவ்ஸ் என்பவரை மணந்தார். 1849 இல் மகன் எட்மண்ட் பிறந்தார். மகன் பிறந்த செய்தியையும், ஜமைக்காவிலிருந்து ஒரு பறவை வந்து சேர்ந்த செய்தியையும் கோஸ் தம் நாட்குறிப்பில் அடுத்தடுத்து எழுதி வைத்தார் என்பது பலரும் எடுத்துக் கூறும் நிகழ்ச்சியாகும்.

கடல்நீர்த் தொட்டி

1852 இல் உடல்நலம் குன்றியதால் கோஸ் டெவன் கடற்கரைக்குச் சென்றார். ஓதம் வற்றும்போது பாறைக் குட்டைகளில் கிடைத்த உயிரினங்களைக் கடல்நீர் நிரப்பிய கண்ணாடிக் கலங்களில் வைத்து வளர்த்தார். கலத்தில் கடற்பாசிகளையும் சேர்த்து வைத்தால், அவை வெளிச்சத்தில் ஆக்சிசனை வெளியிட்டு விலங்குகளை உயிருடன் வைத்திருக்கும் என்பதே இம்முறையின் அடிப்படை. வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் இதே கொள்கையை நன்னீரில் சோதித்து 1850 இல் வெளியிட்டிருந்தார்.

இவ்விருவருக்கும் முன்பே, 1846 இல் அன்னா தின் என்ற பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். தொடக்கத்தில் அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த சன்னலருகே நின்று கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஊற்றி, அதில் காற்றுக் கலக்கச் செய்தார். 1847 இல் கடற்பாசிகளைச் சேர்த்த பின் இவ்வேலை குறைந்தது. அன்னா தின்னின் பவளக் குறிப்புகள் 1859 இல் ஆய்விதழில் வெளிவரக் கோஸ் உதவினார்.

1853 இல் லண்டன் விலங்கியல் பூங்காவில் உலகின் முதல் பொது நீர்வாழ் உயிரினக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதற்கான உயிரினங்கள் பலவற்றைக் கோஸ் சேகரித்து அனுப்பினார். கடலுக்குத் தொலைவில் வாழ்வோருக்காகச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையையும் 1854 இல் வெளியிட்டார். சாதாரண உப்பு, மக்னீசியம் சல்பேட்டு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கும் அதில் சேர்க்கப்பட்டன.

பவளங்கள் பற்றிய ஆய்வு

இல்பிரகோம்ப் என்னுமிடத்தில் கண்டெடுத்த செம்மஞ்சள் நிறக் கற்பவளம் ஒன்றுக்கு 1853 இல் பாலனோபில்லியா ரீஜியா எனப் பெயரிட்டு விவரித்தார். 1858 முதல் 1860 வரை பகுதிகளாக வெளிவந்த பிரித்தானியக் கடற்சாமந்திகளும் பவளங்களும் பற்றிய நூல் இவரது தலைசிறந்த விலங்கியல் ஆக்கமாகக் கருதப்படுகிறது. வண்ணப் படங்களை இவரே வரைந்தார். 1856 இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோஸ் வளர்த்த பவளங்கள் குளிர்ந்த கடலைச் சேர்ந்தவை. அவற்றின் திசுக்களில் ஒளிச்சேர்க்கை செய்யும் பாசிகள் இல்லை. உணர்கொம்புகளால் இரையைப் பிடித்து உண்பதால் மங்கிய வெளிச்சத்திலும் அவை வாழக்கூடியவை. வெப்பமண்டலத் திட்டுப் பவளங்களுள் பெரும்பாலானவை தம்முள் வாழும் பாசிகளைச் சார்ந்தவை. அவற்றுக்கு வலுவான ஒளி, ஏறத்தாழ 25 பாகை செல்சியசு வெப்பம், நீரோட்டம், எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான கால்சியம் ஆகியவை வேண்டும். எனவே கோஸின் கலங்களில் அவை நிலைத்திருக்க இயலாது.

மேலும், நீரைத் தூய்மையாக வைப்பது தாவரங்களே என அக்காலத்தில் நம்பப்பட்டது. விலங்குக் கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி 1890 இல்தான் பிரித்தெடுத்தார். அதற்குள் கோஸ் காலமாகிவிட்டார். இன்றைய பவளத் தொட்டிகளில் துளைகள் நிறைந்த பாறைகள் இப்பாக்டீரியாக்களுக்கு உறைவிடமாகின்றன.

ஓம்பலோஸ்

1857 பிப்ரவரியில் மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் கோஸ் ஓம்பலோஸ் என்ற நூலை வெளியிட்டார். தொல்லுயிர்ப் படிவங்களையும் விவிலியப் படைப்புக் கதையையும் இணக்கப்படுத்துவது அதன் நோக்கம். மரம் படைக்கப்பட்டபோதே ஆண்டு வளையங்களுடன் இருந்திருக்கும், அவ்வாறே புவியும் தொன்மைத் தோற்றத்துடன் படைக்கப்பட்டது என்பது அவர் வாதம். அறிவியலாளர், சமயவாதிகள் ஆகிய இரு சாராரும் இதனை ஏற்கவில்லை. இறைவன் மனிதரை ஏமாற்றினார் என்றாகிவிடும் என நண்பர் சார்லஸ் கிங்ஸ்லியும் மறுத்தார். நூல் விற்பனையாகவில்லை. இத்தோல்வி கோஸை மிகவும் வருத்தியது.

கடற்கரைகளின் அழிவு

கோஸின் நூல்களைப் படித்த மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று உயிரினங்களைச் சேகரித்தனர். அனுபவமின்மையால் பெரும்பாலானவை தொட்டிகளில் இறந்தன. முன்னர் செழித்திருந்த பாறைக் குட்டைகள் வெறுமையாயின. இதற்குத் தம் எழுத்தே காரணமானது குறித்துக் கோஸ் வருந்தியதை, எட்மண்ட் 1907 இல் வெளியிட்ட தந்தையும் மகனும் என்ற நூல் பதிவு செய்துள்ளது. கடலின் அழகை வீட்டுக்குக் கொண்டுவர வழிகாட்டியவரே, அக்கரை வறண்டதைக் காண நேர்ந்தது. காட்டுப் பவளங்களைச் சேகரிப்பது தொடர்பாகப் பிற்காலத்தில் எழுந்த விவாதங்களுக்கு இது ஒரு முன்னிகழ்வாகும். கற்பவளங்களின் பன்னாட்டு வணிகம் இன்று சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. தொட்டியிலேயே பவளத்துண்டுகளை நட்டுப் பெருக்கும் முறையும் வழக்கத்தில் உள்ளது.

இறுதிக்காலம்

1857 இல் டார்க்கி அருகிலுள்ள செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறிய கோஸ், 1860 இல் எலைசா பிரைட்வென் என்பவரை மறுமணம் செய்தார். பின்னாளில் ஆர்க்கிட் மலர்களை வளர்ப்பதிலும், ரோட்டிஃபெரா என்னும் நுண்ணிய நீர்வாழ் விலங்குகளை ஆராய்வதிலும் ஈடுபட்டார். 1888 ஆகஸ்ட் 23 இல் அங்கேயே காலமானார்.

முக்கிய நூல்கள்

ஜமைக்காவின் பறவைகள் (1847)
டெவன்ஷயர் கடற்கரையில் ஓர் இயற்கையியலாளரின் உலாக்கள் (1853)
தி அக்வேரியம் (1854)
ஓம்பலோஸ் (1857)
பிரித்தானியக் கடற்சாமந்திகளும் பவளங்களும் (1858-1860)
ரோட்டிஃபெரா (ஹட்சனுடன் இணைந்து, 1886)