வெள்ளை அணுக்கள் கூடியிருக்கின்றனவா? நிறங்களில் பதில் தேடிய பால் எர்லிக்

ரத்தப் பரிசோதனை முடிவு உங்கள் கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. வெள்ளை அணுக்கள்: 13.2. பக்கத்தில் வழக்கமான அளவு 4 முதல் 11 வரை என்று போட்டிருக்கிறது.

உடனே என்ன செய்வீர்கள்? இணையத்தில் தேடுவீர்கள். கொஞ்ச நேரத்தில் புற்றுநோய் என்ற சொல் கண்ணில் படும். அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

கொஞ்சம் பொறுங்க. அந்த எண்ணுக்குக் கீழே இன்னும் ஐந்து வரிகள் இருக்கும்: நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈயோசினோஃபில், பேசோஃபில். நம்மில் பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. ஆனால் எண் ஏன் கூடியது என்பதற்கான துப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஐந்தில் மூன்று பெயர்களை நமக்குத் தந்தவர் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிக். அவர் கதை தெரிந்தால் உங்கள் அறிக்கையும் எளிதாகப் புரியும்.

சாயத்தின் மீது காதல்

எர்லிக் 1854 மார்ச் 14ஆம் தேதி, சிலேசியா வட்டாரத்தின் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது புருசிய ஆட்சியில் இருந்தது. இன்று போலந்தில் உள்ளது.

அவர் வளர்ந்த காலத்தில் ஜெர்மனியில் செயற்கைச் சாயத் தொழில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. துணிக்கு நிறமேற்றுவதற்காக, நிலக்கரித் தாரிலிருந்து புதுப்புதுச் சாயங்கள் உருவாயின. எர்லிக்கின் தாய்வழி உறவினரான கார்ல் வைகெர்ட், அந்தச் சாயங்களைக் கொண்டு உடல் திசுக்களுக்கு நிறமூட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர். அந்த ஆர்வம் இளம் எர்லிக்கையும் தொற்றிக்கொண்டது.

மருத்துவம் படித்த காலத்திலும் அவர் மனம் சாயங்களையே சுற்றி வந்தது. ஒரு கேள்வி அவரை விடவே இல்லை. ஒரு சாயம் ஏன் உயிரணுவின் ஒரு பகுதியில் மட்டும் ஒட்டுகிறது? பக்கத்துப் பகுதியை ஏன் தொடுவதில்லை? இரண்டுக்கும் இடையே வேதியியல் பொருத்தம் ஏதோ இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். 1878இல், தமது 24ஆம் வயதில், திசுக்களுக்கு நிறமூட்டுவதைப் பற்றியே ஆய்வேடு எழுதி லைப்சிக் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

உங்கள் அறிக்கையின் வரிகள் பிறந்த இடம்

அடுத்து அவர் பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே அவருடைய மேலதிகாரி ஃப்ரெரிக்ஸ், இளைஞரின் திறமையை உணர்ந்து ஆய்வு செய்யத் தாராளமாக இடம் கொடுத்தார்.

எர்லிக் செய்தது கேட்க எளிமையானது. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் மெல்லியதாகப் பரப்பினார். உலர்த்தினார், சூடாக்கினார், பிறகு சாயங்களில் நனைத்தார். சாயம் இல்லாதபோது வெள்ளை அணுக்கள் வெளிறிப்போய், ஒன்றையொன்று பிரித்தறிய முடியாதபடி இருக்கும். சாயம் பட்டதும் ஒவ்வொரு வகையும் தன்னைக் காட்டிக்கொடுத்தது.

ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைச் சில அணுக்கள் ஈர்த்தன. அவை ஈயோசினோஃபில் ஆயின. ஃபில் என்றால் விரும்புவது என்று பொருள். ஆக, ஈயோசின் பிரியர்கள்! காரத்தன்மை கொண்ட சாயங்களை விரும்பியவை பேசோஃபில். அமிலச் சாயமும் காரச் சாயமும் சேர்ந்த நடுநிலைக் கலவையை ஏற்றவை நியூட்ரோஃபில்.

1879, 1880ஆம் ஆண்டுகளில் தொடங்கிய இந்த வகைப்பாடு இன்றும் மாறவில்லை. இப்போது இயந்திரங்கள் சில நிமிடங்களில் எண்ணிவிடுகின்றன. ஆனால் சந்தேகம் வந்தால் ஆய்வகத்தில் இன்றும் ஒரு சொட்டு ரத்தத்தைப் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில்தான் பார்ப்பார்கள்.

எண் என்ன சொல்கிறது?

13.2 என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 13,200 வெள்ளை அணுக்கள். ஒரு மில்லிலிட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் மைக்ரோலிட்டர். வழக்கமான அளவு ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவே வேறு.

இந்த மொத்த எண், கூட்டத்தில் எத்தனை பேர் என்று மட்டுமே சொல்லும். யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லாது. அதற்குத்தான் எர்லிக்கின் வரிகள்:

• நியூட்ரோஃபில் கூடினால்: பாக்டீரியா தொற்று, அழற்சி, காயம், அறுவை சிகிச்சை, ஸ்டீராய்டு மருந்து போன்றவை காரணமாக இருக்கலாம்.

• லிம்ஃபோசைட் கூடினால்: பல நேரங்களில் கிருமித்தொற்று, குறிப்பாக வைரஸ் தொற்று.

• மோனோசைட் கூடினால்: நீண்டநாள் தொற்று அல்லது அழற்சி. நோயிலிருந்து மீண்டுவரும்போதும் கூடலாம்.

• ஈயோசினோஃபில் கூடினால்: ஒவ்வாமை, ஆஸ்துமா, சில மருந்துகள், குடற்புழுக்கள்.

• பேசோஃபில்: எப்போதுமே மிகக் குறைவு. தொடர்ந்து கூடியிருந்தால் மருத்துவர் கூடுதலாக ஆராய்வார்.

விழுக்காட்டை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீங்க. மொத்தம் 13.2, அதில் நியூட்ரோஃபில் 80 விழுக்காடு என்றால், நியூட்ரோஃபில் மட்டும் ஏறக்குறைய 10.6. லிம்ஃபோசைட்டின் விழுக்காடு குறைந்ததுபோல் தெரியலாம். ஆனால் அது உண்மையில் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை. மற்றவர் கூட்டம் பெருகியதால் அதன் பங்கு சிறுத்துத் தெரியலாம்.

ஏன் கூடுகிறது?

இதற்குப் பதில் தேட இன்னொருவரும் உதவினார். ரஷ்யப் பேரரசில் பிறந்த எலி மெச்னிகோவ், 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் இளம் உயிரிகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்தார். நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்துகொண்டன. வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்கி நம்மைக் காக்கின்றன என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது.

எர்லிக்கோ, ரத்தத்தில் கலந்திருக்கும் எதிர்ப்பொருள்களே முக்கியம் என்று வாதிட்டவர். யார் சரி? இரண்டு பேருமே! 1908இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

ஆக, எண் கூடுவது பல நேரங்களில் உங்கள் உடல் தன் வேலையைச் செய்கிறது என்பதன் அறிகுறி. கிருமி நுழைந்தால் எலும்பு மஜ்ஜை தன் கையிருப்பை அனுப்புகிறது. நோயே இல்லாமலும் எண் ஏறலாம். வேகமாக ஓடிவிட்டோ கடும் பதற்றத்திலோ ரத்தம் கொடுத்தால், ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த அணுக்கள் ஓட்டத்தில் கலந்து எண்ணிக்கையை உயர்த்திவிடும்.

புகைபிடிப்பதும் வெள்ளை அணுக்களைத் தொடர்ந்து சற்று உயர்த்தி வைக்கும். சுருட்டுப் பெட்டி இல்லாமல் எர்லிக்கைப் பார்ப்பது அரிது. இந்த விஷயத்தில் அவரைப் பின்பற்ற வேண்டாம்!

அவர் சாயம் அவர் நோயையே காட்டியது

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். எர்லிக் உடனே களத்தில் இறங்கி, அந்தக் கிருமிக்குச் சாயமேற்றும் முறையை மேம்படுத்தினார்.

1885இல் ஃப்ரெரிக்ஸ் மறைந்தார். அடுத்து வந்த தலைவரின் கீழ் அந்தப் பழைய சுதந்திரம் இல்லை. சில ஆண்டுகளில் எர்லிக்கின் சளியிலேயே காசநோய்க் கிருமி தெரிந்தது. முப்பதுகளில் இருந்த அவருக்கு மனைவியும் இரண்டு சிறு மகள்களும் இருந்தனர். வேலையை விட்டுவிட்டு, வறண்ட காற்றை நாடி எகிப்துக்குச் சென்றார்.

குணமாகி 1889இல் பெர்லின் திரும்பியபோது அவருக்குப் பதவி இல்லை. சிறிய ஆய்வகம் ஒன்றைச் சொந்தமாக அமைத்துக்கொண்டார். பிறகு கோக்கே அவரைத் தம் கழகத்துக்கு அழைத்துக்கொண்டார். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நச்சு மருந்தின் வலிமையைத் துல்லியமாக அளக்கும் முறையை எர்லிக் உருவாக்கினார். அந்த நோய் அப்போது ஏராளமான குழந்தைகளைப் பலிகொண்டு வந்தது.

ஒட்டும் சாயம், குறிதவறாத மருந்து

மாணவப் பருவத்துக் கேள்வி அவரை விட்டுப் போகவில்லை. ஒரு சாயம் ஒரு வகை அணுவில் மட்டும் ஒட்டுமென்றால், ஒரு மருந்தும் கிருமியில் மட்டும் ஒட்டலாம் அல்லவா? உடலைத் தொடாமல் கிருமியைத் தாக்கலாம் அல்லவா?

ஃபிராங்ஃபர்ட் நகரில் அவருடைய குழு நூற்றுக்கணக்கான சேர்மங்களை உருவாக்கிச் சோதித்தது. 1909இல் ஜப்பானிய ஆய்வாளர் சஹாச்சிரோ ஹாட்டா, 606 என்ற எண் கொண்ட சேர்மம் சிஃபிலிஸ் நோய்க்கிருமியை அழிப்பதைக் காட்டினார். அடுத்த ஆண்டே அது சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பக்கவிளைவுகள் இருந்தன, சர்ச்சைகளும் இருந்தன. ஆனாலும் இன்றைய மருந்தியல் அந்தப் பாதையில்தான் நடக்கிறது.

1915 ஆகஸ்ட் 20ஆம் தேதி எர்லிக் காலமானார். பின்னாளில் நாஜி ஆட்சி, யூதர் என்பதால் ஃபிராங்ஃபர்ட்டில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயரை மாற்றியது. அவர் மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பிறகு பெயர் மீண்டது. இன்று ஜெர்மனியில் தடுப்பூசிகளை ஆராய்ந்து அனுமதிக்கும் தேசிய அமைப்பு அவர் பெயரில்தான் இயங்குகிறது.

எண் குறைந்தால் நிம்மதியா?

நம் வட்டாரத்தில் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். டெங்கிக் காய்ச்சலில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் கூடுவதில்லை, குறைகின்றன. ரத்தத்தட்டுகளும் சரியலாம். கடும் காய்ச்சல் இருக்கும்போது வெள்ளை அணுக்கள் கூடவில்லையே என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. மருத்துவர் மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீங்க.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்?

• எந்த வகை அணு கூடியிருக்கிறது?

• என் பழைய அறிக்கையோடு ஒப்பிட்டால் எப்படி?

• நான் சாப்பிடும் மருந்து காரணமாக இருக்குமா?

• எப்போது மீண்டும் சோதிக்க வேண்டும்?

சளிக்காய்ச்சலின்போது சற்று ஏறிய எண், குணமான பிறகு இறங்கிவிட்டால் பொதுவாகக் கவலை இல்லை. ஆனால் எண் மிக அதிகமாக இருந்தாலோ, காரணமின்றித் தொடர்ந்து ஏறினாலோ, முதிராத அணுக்கள் தென்பட்டாலோ மருத்துவர் ரத்தப் புற்றுநோய்க்கும் சோதிப்பார். உடல் எடை காரணமின்றிக் குறைவது, இரவில் உடை நனையும் அளவுக்கு வியர்ப்பது, தானாகத் தோன்றும் ரத்தக்கட்டு, விடாத காய்ச்சல் ஆகியவை கூடவே இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறலோ மனக்குழப்பமோ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எத்தனை என்பதோடு எர்லிக் நிறுத்தவில்லை, எது என்றும் கேட்டார். அறிக்கை கையில் இருக்கும்போது நீங்களும் அதையே கேளுங்கள்.