ஆனந்தரங்கப் பிள்ளையும் கப்பல் வேகமும்

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி பார்த்திருப்பீங்க. அந்தப் பெயருக்கு உரியவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்தார். கவர்னர் துய்ப்ளேக்சிடம் 1747-இல் தலைமை துபாசி (மொழிபெயர்ப்பாளர்) ஆனார். சொந்தக் கப்பலும் வைத்திருந்தார். 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எது போனது எல்லாம் அதில் உண்டு.

அந்தக் காலத்தில் கப்பல் வேகத்தை எப்படி அளந்தாங்க தெரியுமா? முடிச்சு போட்ட கயிற்றின் நுனியில் கட்டையைக் கட்டிக் கடலில் விடுவாங்க. கட்டை நின்ற இடத்தில் மிதக்கும், கப்பல் முன்னே போகும். ஏறக்குறைய அரை நிமிஷத்தில் எத்தனை முடிச்சு ஓடுதோ, அதுதான் வேகம். முடிச்சுக்கு ஆங்கிலத்தில் 'நாட்'.

கிலோமீட்டர் என்ற அளவே பிள்ளை இறந்த பிறகுதான் வந்தது. இப்போதைய கணக்குப்படி:

1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.
5 நாட் = 5 × 1.852 = 9.26 கி.மீ.

நம்ம சைக்கிளே இதை முந்திடும்! இரவு பகல் ஓடினாலும் ஒரு நாளைக்கு 222 கி.மீ.தான். பிரான்சிலிருந்து இங்கே வரப் பல மாதம் ஆகும்.

1760-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். ஊரில் பஞ்சம். பிரெஞ்சுக் கப்பல்கள் வரும் வரும் என்று காத்திருந்தாங்க. வரவே இல்லை. 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். சில நாளில் ஊரும் விழுந்தது.

உங்களுக்கு ஒரு கணக்கு: பஸ் மணிக்கு 37.04 கி.மீ. போனால் எத்தனை நாட்? (1.852-ஆல் வகுங்க!)